கஸ்தூரிக்குத் துட்டி கேட்டவள்

அன்னத்தாய்க்கு ஊசி என்றால் பயமே கிடையாது. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தரி விரலில் இறங்கிய நாளில்கூட, கம்பம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்து மிச்ச வரிசையை வெட்டி முடித்தவள். அவளைப் போய் ஊசிக்குப் பயந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள். சொன்னது வேறு யாருமில்லை. அவள் கழுத்தில் தாலி கட்டியவனும், அவள் வயிற்றில் பிறந்த மகளும்.

2017-ல் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் மாரீஸ்வரி அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். திராட்சை வேலை இல்லாத மாதங்களில் அன்னத்தாய் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவாள். விடியும் முன்னே ஜீப்பில் ஒருத்தி மடிமேல் ஒருத்தி உட்கார்ந்து மலையேற வேண்டும். மகளும் ஒருநாள் அந்த ஜீப்பில் ஏறிவிடக் கூடாது, வெள்ளைச் சட்டை போட்ட நர்ஸாக வேண்டும். அதற்காகத்தான் கடல் கடந்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், கணவன் தங்கப்பாண்டியனைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

"சூடத்தை அணைச்சுச் சொல்லு. பிள்ளை படிப்பு முடியாம கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன்னு சொல்லு. நான் இல்லாம எதுவும் நடக்காதுன்னு சொல்லு."

அவன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான். "சொல்லிட்டேன். போதுமா புள்ள?"

அந்தக் கை சுட்டதோ என்னவோ, ஊதிக்கொண்டான். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

நான்கு வருடங்கள் போயின. நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்து போனாள். மற்றபடி வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கையில் கிடைக்கும் செல்போன்தான் அவளுக்கு ஊர், வீடு, மகள் எல்லாம். மாரீஸ்வரி தேனியில் நர்ஸிங் இரண்டாம் வருடம் படித்தாள். சீருடையோடு அவள் அனுப்பிய படத்தை அன்னத்தாய் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை உப்பு எடுக்கும்போதும் மகள் சிரிப்பாள்.

கொரோனா வந்தது. அடுத்த வருடம் ஊசியும் வந்தது. வீட்டு எஜமானிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முதலிலேயே போட்டுவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்காரர்களின் முறை நகரவே இல்லை. அந்த வீட்டுக் கார் டிரைவர் இம்மானுவேல், நம்ம கம்பம் பக்கத்து லோயர் கேம்ப்காரன். அவன்தான் தன் போனில் அவள் பெயரைப் பதிந்து கொடுத்தான். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவனிடம் கேட்பாள். அவன் உதட்டைப் பிதுக்குவான்.

எஜமானி தெளிவாகச் சொல்லியிருந்தாள். இரண்டு ஊசியும் போடாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆகவே இரண்டும் போட்டால்தான் விடுமுறை; அதுவரை பாஸ்போர்ட் அவளிடம்தான். போட்ட மறுநாளே டிக்கெட்.

மே மாதம் ஒரு காலையில் இம்மானுவேல் சமையலறை வாசலில் வந்து குதித்தான்.

"யக்கா, மெசேஜ் வந்திருச்சு! ஞாயித்துக்கெழமை காலையில எட்டு மணி!"

அன்னத்தாய் அன்றைக்கே எஜமானியிடம் கெஞ்சி போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள். மூன்று வருஷம் கழித்து மகளைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் குரல் துள்ளியது. மறுமுனையில் தங்கப்பாண்டியன் குறுக்கிட்டான்.

"ஊசி கீசின்னு போயிராத புள்ள. கஸ்தூரி மதினி செத்துப்போச்சு."

"என்னது?"

"நேத்துதான் எடுத்தோம். பள்ளிக்கூடத்துல கேம்ப்பு போட்டாக. மதினி போயி ஊசி போட்டுட்டு வந்துச்சு. மறுநா காச்சல். அதுக்கு மறுநா ஆளில்ல."

கஸ்தூரியம்மாள் அவளுக்குக் கூடப் பிறக்காத அக்கா. ஒரே திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருபது வருஷம் தூக்குச்சட்டியைப் பகிர்ந்துகொண்டவள். அன்னத்தாயின் பெட்டியில் அவளுக்கென்று வாங்கிய ஆறு தைல பாட்டில்கள் இருந்தன.

"மொக்கைச்சாமி மாமாகிட்ட குடு, நான் பேசணும்," என்று அழுதாள். மொக்கைச்சாமி, கஸ்தூரியின் புருஷன்.

"அவரு பித்துப் பிடிச்ச மாதிரி ஒக்காந்திருக்காரு. யாரு போனையும் எடுக்கல. பதினாறு கழியட்டும், பேசு."

"மாரீசுகிட்ட குடு."

மகள் வந்தாள்.

"ஆத்தா, நீ நர்சுக்குப் படிக்கிறவ. நீ சொல்லு. அம்மா போட்டுக்கிறவா, வேணாமா?"

 ஒரு விசும்பல் கேட்டது.

"வேணாம்மா. பெரியம்மாவ என் கண்ணால பாத்தேன். எனக்கு நீ வேணும்மா."

அந்த ஒரு சொல் போதாதா ஒரு தாய்க்கு? எனக்கு நீ வேணும்மா!

ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு வந்த இம்மானுவேலிடம் அவள் வரவில்லை என்றாள்.

"ஊர்ல கெடைக்காம அடிச்சுக்கிறாக. வந்ததத் தட்டுறியே யக்கா!"

"எம் மக சொல்லிட்டா தம்பி."

"மக என்ன டாக்டரா?"

"நர்சு," என்றாள், கண்ணீரையும் மீறி ஒரு பெருமையோடு.

எங்கள் பக்கத்தில் சாவுக்குப் போக முடியாதவர்கள் பதினாறாம் நாளுக்குள் துட்டி கேட்டுவிட வேண்டும். நேரில் போய் இறந்தவரைச் சொல்லி அழுது, வீட்டாரைக் கட்டிப் பிடித்துத் தேற்றிவிட்டு வரவேண்டும். கேட்காவிட்டால் உறவு அறுந்ததாக அர்த்தம். குவைத்தில் இருந்தாலும் முறை முறைதானே? பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. அன்னத்தாய் தலைக்குக் குளித்து, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, மொக்கைச்சாமியின் எண்ணை அழுத்தினாள். எடுத்த சத்தம் கேட்டதுமே முறைப்படி குரலெடுத்தாள்.

"ஏ எங்கக்கா... என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே... பந்தலுக்குக் கீழ நான் யாரோட சோறு திம்பேன்..."

"யாருடி அவ? எவ செத்தா?"

அன்னத்தாயின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"மாமா இல்லையா? நான் குவைத்துல இருந்து அன்னம்..."

"ஏடி அன்னம்! என்னாடி ஆச்சு? வேலைய விட்டுத் தூக்கிட்டாகளா? எதுக்கு இப்பிடி ஒப்பாரி வைக்கிற?"

"யாரு பேசுறது?"

"நாந்தாண்டி, கஸ்தூரி."

"அக்கா... நீ செத்துட்டேல்ல?"

"போடி கூறுகெட்டவளே! வெள்ளிக்கெழமையும் அதுவுமா! நேத்துக்கூட நாலு வரிசை கவாத்து வெட்டிட்டு வந்திருக்கேன். செத்தவ எவடி கூலிக்குப் போவா?"

அன்னத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தரையில் தலையை முட்டி முட்டி அழுதாள். சிரித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"ஊசி போட்டுச் செத்துட்டேன்னு சொன்னாகளே அக்கா!"

"ஊசியா? போட்டேன். ஒருநா காச்சல். கசாயத்தக் குடிச்சேன், எந்திரிச்சிட்டேன். போட்டது யாருன்னு நெனைக்கிற? ஒம் மகதாண்டி!"

"யாரு?"

"மாரீசு! பள்ளிக்கூடத்துக் கேம்ப்புக்கு காலேஜுப் பிள்ளைகள அனுப்பியிருந்தாக. வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, 'பெரியம்மா, கைய இறுக்காதீக'ன்னு சொன்னா பாரு! எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இத அன்னம் பாக்கலையேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

மாடிப்படிக்குக் கீழே வெளிச்சம் குறைந்தது போல இருந்தது அவளுக்கு. எந்தக் கை கஸ்தூரிக்கு ஊசி போட்டதோ, அந்தக் கைதான் போனைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவை என் கண்ணால பார்த்தேன் என்று சொன்னது.

கஸ்தூரி நிறுத்தவில்லை. "கல்யாணத்துக்காவது வருவியான்னு பாத்தேன். ஊசிக்குப் பயந்துக்கிட்டு வரமாட்டேங்கிறியாம்ல? ஒம் புருசன் கடைத்தெரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். இவளா ஊசிக்குப் பயந்தவன்னு எனக்கே சந்தேகம்தான்."

"யாரு கல்யாணம்?"

கஸ்தூரி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கப்பாண்டியனின் அக்காள் அய்யம்மாள். அவள் மகன் கர்ணன், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவர். மாரீஸ்வரிக்கும் அவனுக்கும் ஆவணி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். அன்னத்தாய் எந்த ஜீப்பிலிருந்து மகளைக் காப்பாற்ற நினைத்தாளோ, அதே ஜீப்!

மகளுக்குப் போன் அடித்தாள். "கஸ்தூரிகிட்டப் பேசிட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

மாரீஸ்வரி மறைக்கவில்லை. "அத்தை மகன எனக்குப் பிடிச்சிருக்கும்மா. நீ வந்தா நடக்க விடமாட்ட. அதான் அப்பாவும் நானும்..."

"அதுக்கு ஒரு உசுரோட இருக்கிற பொம்பளையச் சாகடிப்பியா?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் படிப்பேன். கர்ணன் மாமா படிக்க வைக்கேன்னு சொல்லிருக்காக."

"எனக்கு ஊசி வேணாம்னு சொன்னியே ஆத்தா. அம்மாவுக்கு நோய் வந்தா என்ன ஆகும்னு நெனச்சியா? நர்சுக்குத்தான படிக்கிற?"

மாரீஸ்வரி போனை வைத்துவிட்டாள். விசும்பல்கூட இல்லை.

அந்த நிமிஷத்தில் அன்னத்தாய் முடிவு செய்தாள். அந்தத் தாலி ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும். கல்யாணத்தை நிறுத்துவதற்குக்கூட இல்லை. மகள் முகத்துக்கு நேராக நின்று, இதே பொய்யை என் கண்ணைப் பார்த்துச் சொல் என்று கேட்கவேண்டும்.

ஆனால் தட்டிவிட்ட முறை அவ்வளவு சுலபமாகத் திரும்பி வருமா? இம்மானுவேல் மறுபடியும் பதிந்தான். அவளுடைய அடையாள அட்டையின் காலம் முடிந்துவிட்டது என்று போன் காட்டியது. புதுப்பிக்க வேண்டியவள் எஜமானி. அவளோ நாளை நாளை என்று மூன்று வாரம் கடத்தினாள். அட்டை வந்தது. மெசேஜ் வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் இருவருமே ஊசி போடும் மண்டபத்துக்குப் போய், ஐம்பது டிகிரி வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். வாசலில் இருந்தவன் போனைப் பார்த்தான், தேதி இல்லை என்று கையை விரித்தான்.

"என் மகளுக்குக் கல்யாணம்," என்று தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற நூறு பேரும் அவரவர் பாஷையில் ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தவர்கள்தான்.

ஆடி மாதம் முதல் ஊசி கிடைத்தது. அடுத்தது ஆறு வாரம் கழித்து. விரலை மடக்கி எண்ணிப் பார்த்த இம்மானுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆவணிக் கடைசி முகூர்த்தமும் அந்த நாளும் ஒன்று.

ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொல்லி வீட்டுக்குப் பேசினாள். போனை வாங்கிய அய்யம்மாள் குரலில் தேன் வழிந்தது. "புரட்டாசியில எவளாவது கல்யாணம் வைப்பாளா? நீ அங்கன பத்திரமா இரு ஆத்தா. இங்கன நாங்க பாத்துக்கிறோம்."

இரண்டாம் ஊசி போட்ட காலையில், கையில் பஞ்சை அழுத்தியபடி மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு எஜமானி இரக்கப்பட்டு போனைக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தாள். அது அடித்தது. திரையில் மாலையும் கழுத்துமாக மகள். மஞ்சள் காயாத தாலி.

"அம்மா... ஆசீர்வாதம் பண்ணும்மா."

அன்னத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகாக இருந்தாள் பாவி மகள். சமையலறைக் கதவில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஊசி போட்டியாம்மா? வலிக்குதா?"

"வலிக்குது. நீ போட்டா வலிக்காதாமே. கஸ்தூரி சொன்னா."

திரையில் மகள் உதடு கோணியது. அன்னத்தாய் போனை அணைத்தாள்.

மறுநாள் எஜமானி சொன்ன சொல் தவறவில்லை. கட்டியவனும் பெற்ற மகளும் தவறிய இடத்தில் யாரோ ஒரு எஜமானி தவறவில்லை.

"எந்தத் தேதிக்கு டிக்கெட் போட யக்கா?" என்று இம்மானுவேல் கேட்டான்.

"எந்தத் தேதியானா என்ன? திரும்பி வர டிக்கெட் வேணாம்னு சொல்லு. வீட்டுக்கு ஒண்ணும் சொல்லாத. கஸ்தூரிக்கு மட்டும் சொல்லணும்."

சுருளிப்பட்டியில் இறங்கியவள் தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். வாசலில் நின்ற தங்கப்பாண்டியன், "அன்னம், பிள்ளை சந்தோசந்தான புள்ள முக்கியம்," என்றான். அவள் அவனுடைய வலது உள்ளங்கையைப் பார்த்தாள். நேரே போய் கஸ்தூரி வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினாள். தைல பாட்டில்களை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து பக்கத்து ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். பழையபடி திராட்சைக் கூலி.

மாரீஸ்வரி சொன்னபடி படிப்பை முடித்தாள். ஊருக்குள் ஒரு டாக்டர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வெள்ளைச் சட்டைதான் போடுகிறாள்.

போன மாசியில் கவாத்துக் கத்தரி மறுபடி அன்னத்தாயின் கையில் இறங்கியது. ரத்தம் நிற்கவில்லை. கஸ்தூரி அவளை இழுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே ஓடினாள். மாரீஸ்வரி ஓடி வந்து காயத்தைத் துடைத்துக் கட்டினாள். பிறகு ஊசியை எடுத்தாள். 

"டிடி ஊசி போடணும்மா. கைய நீட்டு."

"வேணாம்."

"போடலைன்னா ரணஜன்னி வந்திரும்மா!"

"அன்னிக்கு வேணாம்னு சொன்னவளும் நீதான். இன்னிக்குப் போடணும்ங்கிறவளும் நீதான். நான் எந்த நர்சு சொல்றதக் கேக்க ஆத்தா?"

மாரீஸ்வரி அந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அன்னத்தாயின் நல்ல கை மகளின் தலைவரைக்கும் போனது. தொடாமல் திரும்பி வந்தது. காலை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கம்பம் போகும் டவுன் பஸ் நின்றது. ஏறிக்கொண்டாள். கஸ்தூரியும் பின்னாலேயே ஏறி, வெட்டுப்பட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளைடி. போட்டுக்கிட்டா என்ன கொறைஞ்சு போவ? நான் சொல்றதக் கேளு, எறங்கு."

அன்னத்தாய் ஜன்னலுக்கு வெளியே பந்தல்களைப் பார்த்தபடி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பஸ் நகர்ந்தது.

"ம்," என்றாள் கஸ்தூரி. "செத்தவ பேச்ச யாரு கேக்குறா இங்கன?"

இரண்டு டிக்கெட் வாங்கினாள்.