பக்கத்து குவார்ட்டர்ஸ் ரஸ்தாளி

இலையைப் பார்த்தே வாழையின் ரகம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வது என் வழக்கம். நடுநரம்பின் அடிப்புறம் ரோஜா நிறம் ஓடினால் பூவன். காம்பின் ஓரம் சிவந்திருந்தால் ரஸ்தாளி. இலையும் காம்பும் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தால் கற்பூரவல்லி. எங்கள் பிளாக்கில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் பெருமையில் தலைகால் புரியாது.

போன வருடம் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா கூப்பிட்டார். அவர் கணவர் ரிடையர் ஆகி, மறுநாள் மந்தாரக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே ஒரு வாழைக்குத்தான் இடம். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அக்கா வருடா வருடம் கொடுக்கும் ரஸ்தாளித் தாருக்குத் தனி மவுசு. கன்று மாறிப்போனால் அந்தப் பெருமை போச்சு. கொல்லையில் இருந்தவையோ இரண்டு வாழைகள், இன்னும் தார் போடாதவை. ஒன்று ரஸ்தாளி; மற்றது அவர் கணவர் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தது. எது எதுவென்று இருவருக்குமே மறந்துவிட்டது.

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ரோட்டோரம் நின்றது வெளுத்திருந்தது. அது கற்பூரவல்லி, உள்ளே நிற்பதுதான் ரஸ்தாளி என்று தீர்ப்புச் சொன்னேன். உள்ளே நின்றதன் பக்கக் கன்றைத் தோண்டிச் சாக்கில் கட்டியும் கொடுத்தேன்.

சாவியை ஒப்படைக்குமுன் வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். கொல்லைச் சுவருக்கு ஹோஸ் பிடித்தார். தண்ணீர் ரோட்டோர வாழையின்மீதும் தெறித்தது. நான் மாவென்று கண்டது அனல்மின் நிலையத்துச் சாம்பல்; குழம்பாக வழிந்தது. காம்போரம் பளிச்சென்று சிவப்பு. ஓடிப்போய் மற்றதன் இலையைப் புரட்டினேன். ரோஜா நரம்பு. சாக்கில் இருந்தது பூவன் கன்று.

எனக்கு முகம் செத்துவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத்தினி வருஷமா துணி காயப் போட்டுகினு இருக்க, நம்ம ஊர் தூசி உனக்குத் தெரியலயா?"

தண்டனையாக நானே மறுபடி தோண்டினேன். அக்கா பக்கத்தில் நின்றபடி சொன்னார்.

"பூவன எடுத்துகினு போயிருந்தா, தார் போட்டப்புறந்தான் தெரிஞ்சிருக்கும். உன்ன திட்டறதுக்குன்னே பஸ் ஏறி வந்திருப்பேன்."

சரியான கன்றைச் சாக்கில் வைத்துக் கட்டினேன். அக்கா அந்த ஹோஸைப் பிடிக்காமலே இருந்திருக்கலாம், திட்டவாவது ஒருநாள் வந்திருப்பார் என்று தோன்றியது.