கல்லறைத் தோட்டத்தில் பத்து நிமிடம்

இன்று என் கணவரின் நினைவு நாள். அரியலூரில் மாலை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

புதிய இரும்புக் கதவு. புதிய காவலர். கையில் ஒரு நோட்டு.

“கையெழுத்துப் போடுங்கம்மா. பத்து நிமிசந்தான்.”

“நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவர்கிட்ட பத்து நிமிசத்துல என்னப்பா பேசறது?”

“உள்ள வந்து குடிக்கறாங்கன்னுதான் பஞ்சாயத்துல இவ்ளோ செலவு பண்ணி வச்சிருக்காங்க.”

நோட்டைப் புரட்டினேன். எல்லாம் எனக்குத் தெரிந்த விதவைகளின் பெயர்கள்.

“குடிக்கறவங்க ஒருத்தரும் கையெழுத்துப் போடலையே?”

“அவங்க பின்பக்கச் சுவரேறி வந்துடறாங்கம்மா.”

பத்தாவது நிமிடம் விசில் ஊதினார். என் ஜெபமாலை பாதியில் நின்றது.

கதவு, காவலர், விசில் எல்லாம் நம் வரிப்பணம். எழுபத்தாறு வயதில் எனக்குச் சுவரேறக் கற்றுத்தர யாராவது இருக்கிறீர்களா?