எது கேட்டாலும் ஓகே குடுங்க

காலையில் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திறக்கப் போனேன். எதில் திறக்கட்டும், 'ஒருமுறை மட்டுமா, எப்போதுமா' என்று கைப்பேசி கேட்டது. விரல் அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கேள்வியைப் பார்த்தால் இன்றைக்கும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறும். பின்னாலேயே மெர்சி அக்காவும் வந்துவிடுவார்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் ஆள். காட்பாடியிலிருந்து தினமும் ரயில். எனக்குத் தெரிந்தது கம்மி, பேச்சு ஜாஸ்தி. மின்விசிறி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் பெருமையாகப் போய் அண்ணாந்து பார்ப்பேன்.

மெர்சி அக்கா பல வருஷம் பேஸ்டிங் டேபிளில் தோல் ஒட்டியவர். சொல்யூஷன் நெடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்ததும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு, ஷூவின் அளவு வரையும் பேட்டர்ன் ரூமுக்கு வந்திருந்தார். மூன்று மாதம் சோதனை. தேறினால் நாற்காலி, இல்லாவிட்டால் பழையபடி சொல்யூஷன் டப்பா. முதல் நாள் நான்தான் பெரிய மனுஷன் மாதிரி பாடம் எடுத்தேன். "நடுவுல ஒரு பொட்டி வந்து ஏதாச்சும் கேக்கும்க்கா. எது கேட்டாலும் ஓகே குடுங்க."

மறுநாள், வரப்போகிற ஆயுத பூஜைக்காக அவரவர் மிஷினை அவரவர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் திரையைத் துடைத்தார். துடைக்கும்போது, புரோகிராம்களைத் திறக்க அழுத்தும் சின்னச் சின்னப் படங்கள் அவர் கண்ணை உறுத்தின, ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று கோணல். ஜோடி மாறாமல் அடுக்கியே பழகிய கண் அது. எதையோ அழுத்த, பெட்டி வந்து எதில் திறக்கட்டும், எப்போதும் அதிலேயேவா என்று கேட்டது. போட்டோ பார்க்கும் புரோகிராமைக் காட்டி, நான் சொன்னபடியே ஓகே கொடுத்துவிட்டார். எல்லாப் படமும் ஒரே படமாகிவிட்டது.

"எவ்ளோ நீட்டா ஆய்ட்ச்சு பாரு தம்பி!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியவர், பேட்டர்ன் மென்பொருளை அழுத்தினார். போட்டோ புரோகிராம் எட்டிப் பார்த்து, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு நின்றது. எதை அழுத்தினாலும் அதேதான்.

மேனேஜர் வந்தார். "இன்னாய்யா ஆச்சு? யாரு கை வெச்சது?"

நான் குனிந்து ஒயரைச் சரிபார்ப்பதுபோல் நின்றேன்.

"நான்தான் சார். தெரியாம மாத்திட்டேன்" என்றார் அக்கா. என் பேச்சையே எடுக்கவில்லை.

"பதினோரு மணிக்குள்ள சாம்பிள் கட்டிங்குக்குப் போவணும். இல்லன்னா நீ பேஸ்டிங்குக்கே போய்டும்மா."

மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. தோல் கட்டுகளின் மேல் இருக்கும் துண்டுச் சீட்டு மாறினால் நல்ல தோலும் தப்பான செக்ஷனுக்குப் போகும் இல்லையா, அதே கதை. எந்தக் கோப்பை யாரிடம் கொடுப்பது என்ற குறிப்பு மட்டும்தான் மாறியிருந்தது, மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. படங்களைத் தொடாமல் விசைப்பலகை வழியாகவே உள்ளே போய், அந்த ஒரு வரியை அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டதும் பச்சை, நீலம், கோணல் எல்லாம் வந்தன. பத்து ஐம்பதுக்கு சாம்பிள் போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு டீ சொன்னார்.

"என் பேரை ஏன்க்கா சொல்லல?"

"நீயும் மாட்டிக்கினா, அப்புறம் இத யாரு தம்பி சரி பண்றது?"

சிரித்தேன். வெட்கமாக இருந்தது. மேனேஜரிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. அக்கா அந்த நாற்காலியிலேயே இருந்து ஓய்வு பெற்றார்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் எங்கிருந்தோ ஒருவர் சரிசெய்கிறார், திரையில் அம்பு தானாக நகர்கிறது. அந்தக் கம்பெனி மூடிவிட்டது. மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வாங்க வேண்டிய திட்டு ஒன்று பாக்கி இருக்கிறது, திட்டத்தான் ஆளில்லை.