வாசலில் நாலு புதர் நரிவால் புல்

எங்கள் வீட்டு வாசலில் ரோஜா மூன்று தடவை செத்தது. நான்காவது செடியை நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, பாவம், இதையும் ஏன் கூட்டிட்டு வந்தே என்று என் கணவர் கேட்டார். அதுவும் மே மாதம் தாண்டவில்லை.

டவுனில் இருந்த பழைய வீடு போதாமல், அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில் ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு பாய் விரிக்கிற அகலத்துக்கு மண். பேருக்குத்தான் மண், கொத்தினால் சரளை. போர் தண்ணீர் உப்பு. மல்லி, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன்.

கணவருக்கு டவுனில் மெத்தைக் கடை. பஞ்சு அடைப்பது அவர் பாடு, உறை தைப்பது என் பாடு. மாடியில் மெஷின் போட்டிருக்கிறேன். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு திண்டு உறைகள் தைத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு ஜூன் மாதம், மழை இன்னும் எட்டிப் பார்க்காத நாளில், உறைகளைக் கொடுக்கப் போனேன். அங்கேயும் தோட்டமெல்லாம் காய்ந்து கிடந்தது. கார் நிறுத்துகிற இடத்துச் சுவரோரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வரிசையாக ஒரு புல். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் விரல் நீளத்துக்குப் பஞ்சு மாதிரி பூ, லேசான ரோஸ் கலர். அனல்காற்று வீசும்போது எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. நான் மெத்தைக்காரர் வீட்டுப் பெண். மெத்தென்று எதைப் பார்த்தாலும் கை தானாகப் போய்விடும். தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து நகர மனசு வரவில்லை.

கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் கீழ்பென்னாத்தூர்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நர்சரியில் இதற்கு ஃபவுண்டன் கிராஸ் என்று பெயராம். அவள் பார்த்தவுடனே நரிவால் என்று பெயர் வைத்துவிட்டாள். தண்ணீரே கேட்காதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மழை விழட்டும், பிரித்துத் தருகிறேன் என்றாள்.

மழை விழுந்த மறுநாளே போன் செய்தாள். நான் போனபோது ஒரு புதரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து வைத்திருந்தாள். தாள்களைப் பாதிக்கு மேல் நறுக்கிவிட்டு, வேரோடு சேர்த்து அருவாளால் ஆறு துண்டாகப் பிளந்தாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் ஈர சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. வேர் புடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. அப்புறம் மறந்துடுங்க," என்றாள்.

நான் மறக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. ரோஜாவைச் சாகவிட்ட குற்ற உணர்ச்சியெல்லாம் சேர்ந்து, காலையில் ஒரு பக்கெட், சாயந்திரம் ஒரு பக்கெட் என்று ஊற்றினேன். எதிர் வீட்டம்மா கோலம் போட்டு முடித்து நிமிர்ந்து பார்ப்பார். அவருக்குக் கிராமத்தில் வயல் உண்டு. "பாயம்மா, எங்க நெலத்துல இத புடுங்கிப் புடுங்கியே என் இடுப்பு போச்சு. நீங்க தண்ணி ஊத்தி வளக்குறீங்க," என்றார் ஒருநாள். கேலிதான், ஆனால் அன்பான கேலி.

மூன்றாம் வாரம் இரண்டு துண்டுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. இழுத்துப் பார்த்தால் வேர் அழுகிக் கையோடு வந்தது. கெஸ்ட் ஹவுஸ் பெண்ணுக்குப் போன் போட்டேன். எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னதும், பக்கெட்டை மாடிக்கு எடுத்துப் போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னாள். எடுத்துப் போனேன். மிச்சம் நாலு பிழைத்தன.

மழைக்காலம் முடிவதற்குள் அவை என் இடுப்பளவு வந்து பூத்துவிட்டன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் எங்கள் தெருவில் வண்டி நிறுத்துவார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு, புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு நடப்பார்கள். ஒரு பெண் தலையில் ஒரு பூவைச் செருகிக்கொண்டு போனதையும் பார்த்தேன். என் கணவர் மட்டும் அதைத் தொடப்பம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தொடப்பத்துக்கு இன்றைக்கு என்ன கவனிப்பு என்பார். ஒருநாள் சாயந்திரம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மனிதர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பூவைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஊதி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதும் கையை உதறிவிட்டார்.

"சும்மா பாத்தேன். தலகாணிக்கு ஆகாது," என்றார்.

அடுத்த வெயில் வந்தது. அதுவரை பச்சையாக இருந்த புதர்கள் ஏப்ரலில் வெளுத்து, மே மாதம் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டன. உள்ளே கைவிட்டால் எல்லாம் சருகு. செத்துவிட்டது என்று நினைத்து கெஸ்ட் ஹவுஸ் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். சாகவில்லை, மழைக்கு முன்னால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள் என்றாள். அறுக்காவிட்டால் பழைய தாள் புதுசை மூச்சுவிடாமல் அமுக்கிவிடும் என்றும் சொன்னாள்.

நான் ஒரு நாளைக்கு எத்தனையோ மீட்டர் துணியைத் தயங்காமல் வெட்டுகிறவள். ஆனால் கத்திரியோடு வாசலுக்குப் போனால் கை வராது. உள்ளே எங்கேயாவது ஒரு பச்சை தெரியும். அது பிழைத்திருக்கும்போது எப்படி வெட்டுவது என்று திரும்பி வந்துவிடுவேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் பக்ரீத் நெருங்கிவிட்டது.

பெருநாளைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கணவர் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து ஒரு கிடா வாங்கி வந்தார். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. பின்பக்கம் முருங்கை மரத்தில் கட்டி, வேர்க்கடலைக் கொடி போட்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கடைக்குப் போயிருந்தார், நான் மாடியில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், கயிறு தரையில் இழுபட, கிடா வாசலில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மூன்று புதர்கள் மொட்டை. நாலாவது பாதி.

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டம்மா ஓடி வந்தார். அவர்தான் கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி கட்டினார். முடிச்சு போட்டது யார் என்று எனக்குத் தெரியும். மெத்தைக்கு என் கணவர் போடுகிற முடிச்சு ஜென்மத்துக்கும் அவிழாது. ஆட்டுக்கு மட்டும் அவிழ்ந்துவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாடு வைத்தேன், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டு, உங்க அத்தாகிட்ட சொல்லு, தயிர் வாங்கிட்டு வரணும்னு என்றேன். அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் போனைப் பார்த்தே, உங்கம்மாகிட்ட சொல்லு, காலையிலயே வாங்கி வெச்சுட்டேன்னு என்றார். மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

கெஸ்ட் ஹவுஸ் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, வேரோடு பிடுங்கிவிட்டதா, மேலே மட்டும் தின்றதா என்பது. மேலே மட்டும்தான் என்றேன்.

"அப்ப உங்க வேலைய அது முடிச்சிடுச்சுக்கா. அந்தப் பாதியையும் நீங்க அறுத்துடுங்க," என்றாள்.

எதிர் வீட்டில் அருவாள் வாங்கி வந்தேன். பாதி தின்னப்பட்ட நாலாவது புதரின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி பிடித்து அறுத்தேன். சரக்கென்று வந்தது. அடுத்த பிடிக்குப் பயம் போய்விட்டது. அறுத்த சருகை அள்ளும்போது கணவர் வந்து நின்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். முடிச்சு சரியாக விழவில்லை என்றார், போய்க் காப்பி குடியுங்கள் என்றேன். அதோடு சமாதானம்.

அந்தக் கிடாவோடும் சமாதானமாகிவிட்டேன் என்பதுதான் சங்கடம். மிச்ச நாட்களில் கடலைக் கொடி வைத்தது நான்தான். என் முந்தானையை முட்டி முட்டிக் கேட்கும். பெருநாள் காலையில் அதை அழைத்துப் போனபோது நான் பின்பக்கம் போகவில்லை, அடுப்படியில் வேலையாக இருப்பது போல் இருந்துகொண்டேன். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கஷ்டம் உண்டு. இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி.

பெருநாளுக்கு அடுத்த வாரம், மூன்று நாள் தொடர்ந்து சாயந்திர மழை பெய்தது. நாலாம் நாள் காலையில் கேட்டைத் திறக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு மொட்டைப் புதர்களிலும் ஊசி ஊசியாகப் பச்சை. ஆடு மேய்ந்தது எது, நான் அறுத்தது எது என்று வித்தியாசம் தெரியவில்லை. செப்டம்பரில் போன வருஷத்தைவிட இரண்டு பங்கு பூ.

இப்போது பிரித்துக் கொடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. கணவர் கடப்பாரை போடுவார், நான் பிளப்பேன். எதிர் வீட்டம்மா இரண்டு துண்டு வாங்கிப் போய், மாடு மேயாத உயரத்தில் தொட்டியில் வைத்திருக்கிறார். இடுப்பு வலித்தது போதாதா என்று கேட்டால், வயலில் இருந்தால் களை, தொட்டியில் இருந்தால் செடி என்கிறார். சாக்கடை ஓரம் விதை விழுந்து முளைக்கிற குட்டிகளை மட்டும் வாரம் ஒருமுறை பிடுங்கிவிடுகிறேன். விட்டால் தெருவையே எடுத்துக்கொள்ளும்.

இந்த ஐப்பசியில் சின்னக் குருவிகள் வர ஆரம்பித்திருக்கின்றன, மார்பில் புள்ளி போட்டவை. தண்டில் வந்து உட்காரும், தண்டு அப்படியே வளைந்து தரையைத் தொடும், விடாமல் தொங்கிக்கொண்டே பூவை உருவும். ஒரு நீளப் பூவை அலகில் கவ்விக்கொண்டு எதிர் வீட்டு எலுமிச்சை மரத்துக் கூட்டுக்குப் பறந்து போகும். பாதி வழியில் காற்று பிடுங்கிக்கொண்டால் மறுபடி வரும். நேற்று காலை நாங்கள் இரண்டு பேரும் காப்பியோடு படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கடை திறக்க அரை மணி நேரம் லேட்டாகப் போனார்.