கம்பளிக்குள் பிடித்த ஆவி

"தூசும் கம்பளியும் உங்களுக்கு ஆகவே ஆகாது. பக்கத்திலேயே வச்சிக்காதீங்க" என்று கண்டியில் மூக்கு டொக்டர் இன்று தெளிவாகச் சொன்னார். வாடகை அறைக்குத் திரும்பினால், பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த அம்மா எங்கள் பழைய கறுப்புக் கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள். ஈரமும் அடுப்புப் புகையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

மழையில் அம்மா போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்த கம்பளி அது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு மூக்கடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டவுன் பள்ளிக்குப் போக அந்தப் பரீட்சை ஒன்றுதான் வழி. யூகலிப்டஸ் இலை கொதித்த சட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, அந்தக் கம்பளியால் தலையோடு மூடினார்கள். நான் தும்மத் தும்ம, "சளி இளகுது, விடாத!" என்று அப்பா ஓரங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மறுநாள் வீங்கிய கண்களோடு, விடைத்தாளில் மூக்கு ஒழுக எழுதினேன்.

பாஸானேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எல்லாரும் கம்பளியைத்தான் புகழ்ந்தார்கள். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு அத்தை தன் மகனுக்காக அதை இரவல் வாங்கிப் போனாள்.

"டொக்டர் கம்பளியே கூடாதுன்னுட்டாரும்மா."

"அவருக்கு என்னா தெரியும்? இதுக்குள்ள உக்காந்துதானே நீ ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணுன?"

அதற்குள் உட்கார்ந்திருந்தும் பாஸ் பண்ணினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல் முந்திக்கொண்டது. ஒன்றல்ல, வரிசையாக.

"பாத்தியா, இப்பவே இளகுது" என்று அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.