நல்லூர் முட்டையும் பீங்கான் முட்டையும்

எங்கள் கறுப்புக் கோழிக்கு என்னைவிட ரோஷம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் பாதி கோழிக்கு, பாதி எனக்கு என்று எடுத்துக்கொள்வேன். கைக்குள் அடங்குகிற சிறுவிடைக் கோழிதான். ஆனால் கொல்லையில் அதன் அதிகாரம் கலெக்டர் அதிகாரம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்புறத் தெருவில் அப்போது குடியிருந்தோம். கிரிராஜா என்ற புது ஜாதிக் கோழியைப் பற்றிக் கறிக்கடையிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் எல்லோரும் பேசிய காலம் அது. என் வீட்டுக்காரர் ஒரு பொம்மைக் கம்பெனியில் அச்சு வார்ப்பவர். அக்கம்பக்கத்துச் சூளைகளில் கோணிப்போனது, விரிசல் விட்டது எல்லாம் எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். கோழிகள் படுத்தது வாய் உடைந்த பீங்கான் குழாயில், தண்ணீர் குடித்தது ஓரம் போன வாஷ்பேசினில். எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு இருந்த வசதி எனக்கு இல்லை.

ஆசைப்பட்டு, நன்றாக வளர்ந்த கிரிராஜா இரண்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் கறுப்பைப் போல மூன்று மடங்கு. பஞ்சாரத்தில் கவிழ்த்து இரண்டு நாள் எல்லாக் கோழிகளும் பார்க்கும்படி வைத்திருந்து, பிறகுதான் திறந்துவிட்டேன். கறுப்பு ஓடிவந்து கொத்திய கொத்தில் இரண்டும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. தீனி போட்டாலும் வரவில்லை. பெரிய உடம்பும் சின்ன மனசுமாக அவை நின்றதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் யோசனை வந்தது. கோழியாகக் கொண்டுவந்தால்தானே அந்நியம்? முட்டையாகக் கொண்டுவந்து கறுப்பின் அடியிலேயே வைத்துவிட்டால், எந்த ஜாதியாக இருந்தாலும் அது பெற்ற பிள்ளையாகிவிடும். கறுப்பு அடைக்கு உட்கார்ந்த சமயம் பார்த்து முட்டை சேர்க்க ஆரம்பித்தேன். தெரிந்தவர் வீட்டிலிருந்து கிரிராஜா முட்டை வந்தது. பக்கத்திலிருக்கிற மங்களூரில் என் அம்மா வீட்டிலிருந்து சண்டைக்கோழி முட்டை வந்தது. கறுப்பு இட்டதும் சில இருந்தன.

அந்த வாரம்தான் நல்லூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவரிடம் மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்று இருந்தது. கழுத்தில் இறகே இல்லாமல், தாடையிலிருந்து நெஞ்சு வரை சிவப்புத் தோல் தெரியும். பார்க்கச் சகிக்காது. அவருக்கு மட்டும் அது மகாராணி. அவர் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக அந்த வம்சம்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மார்போடு ஒரு தூக்குவாளியை அணைத்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கினார். உள்ளே உமி. உமிக்குள் ஒரே ஒரு முட்டை.

“வெள்ளக்கழிச்சல் வந்து எல்லாம் போயிட்டுதும்மா. சாவறதுக்கு மொத நாளு அது இட்டது. இது ஒண்ணுதான் மிச்சம். எங்கூட்ல இப்போ அடை வெக்கக் கோழியே இல்ல. ஒன் கோழி பொரிச்சுக் குடுக்குமா?”

என் கோழிகளை ஒரு நாளும் மெச்சாதவர் அவர். “பொரிச்சுக் குடுக்கும் அண்ணி, நான் இருக்கேன்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று ஓர் ஆணியும் இரண்டு கரித்துண்டும் போட்டு முட்டைகளை அடுக்கினோம். எண்ணினால் இரட்டைப்படை. அடைக்கு ஒற்றைப்படைதான் வைக்க வேண்டும், அதில் நாத்தனார் கண்டிப்பு. என் வீட்டுக்காரர் உடனே தன் பீங்கான் முட்டையை நீட்டினார். கறுப்பு பக்கத்து வீட்டுப் பரணில் போய் முட்டை இடுவதைத் தடுக்க அவர் வார்த்துக் கொடுத்தது அது. கூடையில் ஒரு முட்டை கிடந்தால் கோழி அங்கேயே இடும். நாட்டு முட்டையின் மங்கல் நிறம், அதே கனம், தொட்டால் அதே சொரசொரப்பு.

“கணக்குக்கு எம் முட்டையும் இருக்கட்டும். பொரிச்சாலும் பொரிக்கும்” என்றார். நாத்தனார் தன் முட்டைமேல் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். நல்லூர் முட்டைக்குள் சிவப்பு நரம்பு பரவியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. இவர் தன் முட்டையையும் டார்ச்சில் பிடித்து, “கரு நல்லா புடிச்சிருக்கு” என்றார். அடிக்கக் கை ஓங்கினேன்.

மூன்றாவது வாரம் முடியப் போகிறபோது கறுப்பு நெருப்பாக உட்கார்ந்திருந்தது. உள்ளூர்க் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கம்பெனியில் வந்து பீங்கான் முட்டை வேண்டும் என்று கேட்டாராம். மாதிரிக்குக் கொண்டுவரச் சொன்னாராம் முதலாளி. ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கறுப்பு தீனிக்கு எழுந்த நேரம் பார்த்து இவர் என்னிடமும் சொல்லிவிட்டு முட்டையை எடுத்து, பஞ்சில் சுற்றிச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு போனார். முதலாளி வெளியூர் போயிருந்தார். வார்த்த பொம்மைகள் காயும் அறையில், சூளைப் பக்கத்துச் சுவரோரமாக அதை வைத்துவிட்டு இவரும் மறந்துவிட்டார்.

குஞ்சு பொரிக்கிற நாளுக்கு நாத்தனார் கூப்பிடாமலே வந்துவிட்டார். கறுப்பின் சிறகுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. தடித்த காலோடு கிரிராஜா, நெட்டைக் காலோடு சண்டைக்கோழி, முதுகில் கோடு ஓடிய சிறுவிடை. நாத்தனார் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். மொட்டைக் கழுத்து இல்லை. கூடையில் ஒரே ஒரு முட்டை அசையாமல் கிடந்தது. கரிக்கோடு என்றைக்கோ அழிந்திருந்தது.

“கூமுட்டயாப் போச்சு. உடுமா, நம்ம குடுப்பினை அவ்ளோதான்” என்றார். குரல் உடைந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தவள் நான். முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. நகத்தால் தட்டினேன்.

டங் என்றது.

நான் இவரைப் பார்த்தேன். நாத்தனாரும் பார்த்தார். இவர் முகம் காயாத களிமண் மாதிரி தொங்கிவிட்டது.

“அப்போ நான் எடுத்துட்டுப் போனது?” என்றார்.

“என்னாங்க, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஓடுங்க!” என்று நான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். இவர் சைக்கிளில் பறந்தார். நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனோம். வழியெல்லாம் நாத்தனார் தம்பிக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

காயும் அறையில் ஈரக் களிமண் வாடையும் சூளைச் சூடும் சேர்ந்து புழுக்கமாக இருந்தது. உள்ளே ஒரு வேலைக்கார அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

“காலயிலேர்ந்து எலி கத்துது. எங்கன்னுதான் தெரியல” என்றார்.

வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையார்களுக்கு நடுவே, பஞ்சு அசைந்தது. பாதி ஓடு உடைந்து, நனைந்த குஞ்சு ஒன்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு மயிர் இல்லை. அத்தனை அழகான குஞ்சை நான் அதுவரை பார்த்ததில்லை. நாத்தனார் அதை முந்தானையில் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். தன் குஞ்சுகளோடு இருக்கும் கறுப்பு, அந்நியக் குஞ்சைக் கண்டால் ஒரே கொத்தில் முடித்துவிடும். கிரிராஜாக்களை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தானே தெரியும். குஞ்சு காய்ந்ததும், கூடை மணலை அதன் உடம்பில் தடவினேன். பொழுது சாய்ந்து கறுப்பு குஞ்சுகளை மூடி உட்காரும்வரை காத்திருந்து, பின்பக்கமாகச் சிறகுக்கு அடியில் நுழைத்தேன். கறுப்பு உறுமிக்கொண்டு என் கையில் கொத்தியது. ரத்தம் வந்தது. பொறுத்துக்கொண்டேன். உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று சத்தம் நின்றது.

“கொன்னுட்டுதா?” என்றார் நாத்தனார், என் தோளை இறுக்கிப் பிடித்தபடி.

கறுப்பு உடம்பை அசைத்துச் சிறகை விரித்து உட்கார்ந்தது. சிறகின் ஓரத்தில், கிரிராஜாவின் முதுகில் தலை வைத்து, மொட்டைக் கழுத்து தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் அழுதுவிட்டார். நானும்தான். இவர் மட்டும் சிரித்தார், இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை குஞ்சை எடுத்துப் போகத் தூக்குவாளியோடுதான் நின்றார் நாத்தனார். கொல்லையில் கறுப்பு நொய்யைக் கொத்திக் காட்டிக் கூப்பிட, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மொட்டைக் கழுத்துதான் ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இங்கயே இருக்கட்டும்மா. ஆத்தாகிட்டேர்ந்து பிரிச்சா நான் என்னா மனுஷி?” என்றார். பிறகு பீங்கான் முட்டையை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டார். “இது இந்த வூட்ல இருக்கக் கூடாது. போயிட்டு வரேன்.”

மொட்டைக் கழுத்து பெட்டையாக வளர்ந்தது. முதல் முட்டை இட்ட அன்றைக்கே அதை உமியில் வைத்து நானே நல்லூருக்குப் பஸ் ஏறினேன். நாத்தனார் இரண்டு கையாலும் வாங்கினார். காதருகே வைத்து, நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“நெசந்தாம்மா” என்றார்.