நான் பிரிக்காமல் வைத்த மார்க் தாள்

மாதாவைக் கூப்பிட்டதற்கு எனக்கு மார்க் குறைத்தார்கள். கோயிலில் நின்று பொய் சொல்ல மாட்டேன், சொந்தங்களே, அப்படித்தான் நடந்தது.

நான் ராயபுரத்துக்காரி. புழல் தாண்டி ஒரு குதிரைப் பள்ளியில் லாயத்து வேலை. அங்கே பிஸ்தா என்ற குதிரையை நானே பழக்கினேன். போன கிறிஸ்துமஸுக்கு முன் நடந்த டிரெஸாஜ் போட்டியில் முதலாளி என்னையே அவன் மேல் ஏற்றினார். இதில் ஓட்டமும் தாண்டலும் கிடையாது. சொன்ன இடத்தில், சொன்ன நடையில் குதிரை அழகாக நடக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் மார்க். சவாரி செய்பவர் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் செபம் என்றால் சத்தமாகத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா அன்று காலையிலும் சொல்லித்தான் அனுப்பினார்: "மனசுக்குள்ள முணுமுணுத்துகினு இருந்தா மாதாவுக்கு எப்டிமா கேக்கும்? வாயத் தொறந்து சொல்லு."

இடப்பக்கம் திரும்பும்போது பிஸ்தா தலையைச் சாய்த்து முரண்டு பிடித்தான். பயத்தில் என்னை அறியாமல் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி இடம் வந்தேன்.

"பேசிகினே ஓட்னியாமே? வேற பொண்ணு ஏறட்டும்" என்றார் முதலாளி.

மார்க் தாளை நான் படிக்கவே இல்லை. நாலாக மடித்துச் செபப் புத்தகத்தில் செருகினேன். உன்னைக் கூப்பிட்டேன், என்னைக் கவிழ்த்துவிட்டாயே என்று மாதாவோடு சண்டை. அதன்பின் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிஸ்தா இளைத்தான். புதுப் பெண் ஏறினால் இன்னும் அடம். வாயைத் திறக்கிறான் என்று, தாடையைச் சேர்த்துக் கட்டும் மூக்கு வாரை இறுக்கச் சொன்னார்கள். இறுக்கியது நான்தான். பாதி மென்று துப்பிய புல் உருண்டைகளைத் தினமும் கூட்டி அள்ளியதும் நான்தான். எனக்கு இல்லாத குதிரை எப்படிப் போனால் என்ன என்ற வீம்பு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தவக்காலம் தொடங்கிய வாரம் முதலாளி சொன்னார்: "தின்னவும் மாட்டேங்குது, வேலையும் செய்யல. பீச்சு சவாரிக்காரன் கேட்டுகினே கீறான், சனிக்கிழமை குடுத்துடலாம்."

அன்று வேலை முடிந்து வரும்போது டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கேயே நின்று அழுதேன். வீட்டுக்குப் போய்ச் செபப் புத்தகத்தை எடுத்தேன். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. அவனை விட்டுவிடாதே அம்மா என்று மனசுக்குள் மட்டும் கேட்டேன். தாள் மடியில் விழுந்தது. முதல் முறையாகப் பிரித்தேன்.

நான் வாய்விட்டுப் பேசியதற்கு நடுவர் இரண்டு இடத்தில் மார்க் குறைத்திருந்தார். அதற்குக் கீழே, இடப்பக்கம் திரும்பும்போது வாய் திறக்கிறது, தலை சாய்கிறது என்று மூன்று முறை எழுதியிருந்தார். கடைசி வரி, குதிரையின் பல்லைப் பாருங்கள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஓடினேன். பிஸ்தாவின் நாக்கை ஓரமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். இடது கடைவாய்ப்பல் கத்தி மாதிரி வளர்ந்து, கன்னத்தின் உட்சதை கிழிந்து சீழ் வைத்திருந்தது. முதலாளியை இழுத்து வந்து காட்டினேன். அவரே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வந்து பல்லை ராவினார். விற்பனை நின்றது. பத்து நாளில் பிஸ்தா கொள்ளுத் தொட்டியை நக்கிக் காலி செய்தான்.

சவாரி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்தான் ஏறுகிறாள். அடுத்த போட்டியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வயிறு எரியவில்லை என்றால் பொய். ஆனால் இடப்பக்கம் திரும்பியபோது பிஸ்தாவின் தலை நேராக இருந்தது. மாதாவே, நன்றி என்றேன். அன்றுமுதல் ஒரு ஞாயிறும் பூசையை விட்டதில்லை.

கேட்டது கிடைக்கவில்லை என்ற கோபத்தில் நீங்களும் எதையாவது மடித்து வைத்திருந்தால், நம்பிப் பிரித்துப் படியுங்கள். எனக்கு வந்த பதில் இரண்டு மாதம் செபப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. அத்தனை நாளும் பிஸ்தா அந்தப் பல்லோடுதான் மென்றான்.